லண்டனுக்குப் பதினொரு மணித்தியாலம்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில் பதினாறு வருடம் டிக்கெட்டிங் கிளார்க்காக இருந்தேன். யுத்த காலம். கொழும்பிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டாலும் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதை இது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்த பரமேஸ்வரி ரீச்சர் ஒருநாள் காலை வந்தார். மகனைப் பார்க்கப் போவதற்கு விசா எடுத்து வைத்திருந்தார். அதற்குள் மகன் லண்டனில் விபத்தில் அடிபட்டு, மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, இனிப் பிழைக்கமாட்டானாம். நான் முகம் பாக்க வேணுமெண்டு மெஷினை நிப்பாட்டாமல் வைச்சிருக்கினம். நாளைக்கு மறுநாள் காலமை வரைக்கும்தான் பொறுப்பினமாம். எத்தினை மணித்தியாலம் ஓடும்?"

"நேரே போற பிளைட், பதினொரு மணித்தியாலம். நாளைக்கு மத்தியானம் ஏறினா, அங்கத்தை நேரத்துக்கு நாளைக்குப் பின்னேரமே இறங்கிடுவியள். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ ரீச்சர்."

அவருக்குச் சிங்களம் தெரியாது. அதனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு நானே வாடகை வான் ஒன்று பிடித்து ஏர்போர்ட்டுக்குக் கூடப் போனேன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றையும் மூன்று தரம் பார்த்திருந்தேன். வழியில் செக்பொயின்டில் மறித்தார்கள். ரீச்சரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். உடனே பொலிஸ் துண்டைக் கேட்டார்கள். வடக்கிலிருந்து வந்து கொழும்பில் தங்குகிறவர்கள் பொலிஸில் பதிந்து கையில் வைத்திருக்க வேண்டிய துண்டு அது. அதன் தவணை முதல்நாளோடு முடிந்திருந்தது. டிக்கெட்டில் ஒரு எழுத்துப் பிசகினாலும் கண்டுபிடிக்கிற நான், அந்தத் துண்டைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. நான் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மடையன்!

மகன் சாகக் கிடக்கிறான், பிளேன் போய்விடும் என்று சிங்களத்தில் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். அங்கே மேசையில் இருந்த பொலிஸ்காரர் நிமிராமலே, "ஹெட்ட யன்ன" என்றார். நாளைக்குப் போ என்று அர்த்தம். நாளைக்காம்! வெள்ளவத்தைக்கு ஒரு ஃபோன் எடுத்து லொட்ஜை விசாரிக்க அவர்களுக்கு ஆறு மணித்தியாலம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ரீச்சர் பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். எங்களை விட்டபோது பிளேன் போய்விட்டிருந்தது.

டிக்கெட்டை அடுத்த நாளுக்கு மாற்ற ஏஜென்சிக்குத் திரும்பினோம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "எங்கட பிழை ஒண்டும் இல்லை ஐசே. டிக்கெட் சரியாத்தானே குடுத்தனாங்கள்" என்றார்.

"அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ பாப்பம்!" என்று கத்திவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

ரீச்சர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார்.

"தம்பி, லண்டனுக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு சொன்னனீர்?"

"பதினொண்டு, ரீச்சர்."

"அது பிளேனுக்கு. எனக்கு எத்தினை?"

அடுத்த நாள் டிக்கெட்டை எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் போய் இறங்குவதற்கு முன்பே, மறுநாள் காலையில், மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யார் வந்து எத்தனை மணித்தியாலம் என்று கேட்டாலும் நான் உடனே சொன்னதில்லை. "முதல்ல பொலிஸ் துண்டைக் காட்டுங்கோ" என்று கையை நீட்டுவேன்.