கிராமர் நடக்குதுண்ணே

அந்த வாரம் எல்லையில் சண்டை மூண்டிருந்தது. நான் திருப்பூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இறுதியாண்டுப் பாடத்தில், போரை எதிர்த்து எழுதிய ஒரு வெளிநாட்டு நாவலாசிரியர் இருந்தார். பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போய், கூட இருந்த நண்பர்களையெல்லாம் பறிகொடுத்துத் திரும்பியவர். ஆயுசு முழுக்க அதையே எழுதினார். வருடா வருடம் நடத்தி அவர் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வாரம் நாக்கில் வர மறுத்தது. ஓரிடத்தில் நிற்க முடியாமல் கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

காரணம், இரண்டாவது பெஞ்சில் இருந்த மாணவி. சிவகங்கைப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர். ஒரே அண்ணன் ராணுவத்தில், அந்த எல்லையில்தான் இருந்தான். மூன்று நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. வகுப்பில் போனை வெளியே எடுக்கக்கூடாது. அவளிடம் மட்டும், "மேசை மேலயே வெச்சுக்க கண்ணு" என்று சொல்லியிருந்தேன்.

நாவலாசிரியரின் பிற்காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணெதிரிலேயே இன்னொரு போர் வந்தது என்றதும் அவள் எழுந்தாள்.

"இவ்வளவு எழுதியும் அடுத்த சண்டை வந்துருச்சுல்ல மேடம்? அப்புறம் எதுக்கு இதைப் படிக்கிறோம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. பதற்றத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது.

"என்னத்தா, சாப்டியா?"

"சாப்ட்டேண்ணே. நீ எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன். இங்க டவர் இல்ல, அதான். காலேசுலயா இருக்க? என்ன பாடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். நாவல் அவள் முன்னால் விரிந்து கிடந்தது.

"கிராமர் நடக்குதுண்ணே."

"நல்லாப் படி" என்றான். தொடர்பு அறுந்தது.

அவள் உட்கார்ந்து அழுதாள். என்னால் பாடத்தைத் தொடர முடியவில்லை. ஆசிரியர் அறையிலும் உட்கார முடியாமல் வராந்தாவில் நடந்தேன். அந்தக் 'கிராமர்' அவளாகச் சொன்ன பொய்யா, இந்த நாவலை நடத்தி நான் சொல்ல வைத்த பொய்யா?

சில நாளில் சண்டை நின்றது. இரண்டு மாதம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். அன்றைக்கு நடந்தது கிராமர் இல்லை என்று அவள் அவனிடம் சொல்லிவிட்டாள் போல. கல்லூரி வாசலில் என்னைப் பார்த்து, "அந்தப் புத்தகம் தமிழ்ல இருக்கா மேடம்?" என்றான். என்னிடமிருந்த மொழிபெயர்ப்பைக் கொடுத்தேன். நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்தான்.

"ஈர பூட்ஸுக்குள்ள காலு வெந்து போறத எழுதியிருக்காரு பாருங்க, அது நெசம். அதுக்கு மேல படிக்கல மேடம்."

"ஏனுங்க தம்பி, புடிக்கலீங்களா?"

"திரும்பிப் போகணும்ல." சிரிக்கப் பார்த்தான். "தங்கச்சி படிக்கட்டும். நீங்க நடத்துங்க."

இந்த வருடமும் அதே நாவல்தான். பாடத்தைத் தொடங்குமுன், "யாரு ஊட்லயாவது ராணுவத்துல இருக்காங்களா?" என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, முதலில் அவர்களைப் பேசச் சொன்னேன்.