பீப்பாயனுக்கு இடுப்பு இல்லை

பீப்பாயன் பிறந்தது ஒரு கிணற்றுக்குள். அதற்கு முன் அவனுக்கு வேறொரு பெயர் இருந்ததாம். என்ன பெயர் என்று கேட்டால் சின்னமாமா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லுவார். மற்ற விவரங்கள் மாறுவதில்லை. அவன் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துகிறவன். ஒருநாள் கிணற்றின் அடியில் நின்று குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது மேலே கட்டுக்கல் சரிந்து விழத் தொடங்கியது. சாமான்கள் போட்டு இறக்கிய வெறும் தார்ப் பீப்பாய் ஒன்று பக்கத்தில் இருந்தது. அதைக் கவிழ்த்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். கல்லெல்லாம் பீப்பாயில் பட்டு ஒதுங்கிவிட்டது. ஊரார் கயிறு விட்டுத் தூக்கியபோது பீப்பாயோடுதான் வெளியே வந்தான். கழற்றச் சொன்னார்கள். "இது நல்லாத்தான் கிடக்கு, இருக்கட்டும்" என்றானாம்.

சின்னமாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. அப்பா கொழும்பில் வேலை பார்த்தார். போரில் பாதை பூட்டிய பிறகு அவரால் வர முடியவில்லை. அதனால் சின்னமாமா நீர்வேலியில் எங்களோடு வந்து இருந்தார். வாழைத் தோட்டங்களுக்கு இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துவதுதான் அவருடைய தொழில். ஆகவே பீப்பாயனுக்கு அந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதில் புதிர் எதுவும் இல்லை.

பீப்பாயனுடைய தொழில்நுட்பமும் ஊரில் நாங்கள் தினமும் கண்டதுதான். அந்த நாட்களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றறியும் உள்ளே வரத் தடை. இயந்திரங்கள் எல்லாம் சில துளி பெற்றோலில் கண் விழித்து, பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. பீப்பாயனும் அப்படியே. காலையில் எழும்ப அவனுக்கு ஒரு மூடி பெற்றோல் வேண்டும். அதன் பிறகு நெஞ்சில் பூட்டிய சைக்கிள் டைனமோ பார்த்துக்கொள்ளும். நடந்தால் பலம் ஏறும், நின்றால் இறங்கும். பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி முறுக்கிய பட்டிகள்தான் அவனுடைய தசைநார்கள். தலைக்கு, கண் வைக்க இரண்டு ஓட்டை போட்ட அலுமினியச் சட்டி.

எதிரிகள் மூவர். ஒருவன் துருவப்பன்; கீரிமலைக் கடற்காற்றில் ஏறி வந்து ஆணிகளையும் பூட்டுகளையும் தின்பவன். அடுத்தவன் காந்தக்காரன். அவன் சந்தியில் வந்து நின்றால் ஊரிலுள்ள சைக்கிள் எல்லாம் தாமாக உருண்டு அவனிடம் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாமவன் பைகிளறி. வழியில் மேசை போட்டு இருந்து, வருகிறவர்களின் பையைக் கிளறி, அகப்படும் பற்றறிகளை வாயில் போட்டு மெல்லுவான். இவன் கதையில் வரும்போது மட்டும் அம்மா, "மெல்லமாக் கதை" என்பார்.

என்னைவிட மூன்று வயது மூத்த அண்ணைக்கு ஒரேயொரு குறை இருந்தது.

"மாமா, அவன் பறப்பானோ?"

"இல்லையடா."

"ஏன்?"

"பாரம்."

"ஒரு எஞ்சினைப் பூட்டினால்?"

"டேய், நிலத்தில இறைச்சு முடியாத தோட்டம் கிடக்கு. மேல போய் என்ன செய்யப்போறான்? இப்ப மேல பறக்கிறதுகளே எங்களுக்குக் காணும்."

இப்போது எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தொங்கும் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் எல்லா வீரர்களும் பறந்துகொண்டிருக்கிறார்கள். பறக்க மறுத்த வீரன் ஒருவனைத்தான் எனக்குத் தெரியும்.

கதை சொல்லும் இடம் பங்கர். வேறு எங்கு கேட்டாலும் மாமா சொல்லமாட்டார். வீட்டுக்குப் பின்னால் மாமரத்தின் கீழே வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடிய அந்தக் குழிக்குள் விமானச் சத்தம் கேட்டதும் நாங்கள் போய்விடுவோம். வாசலால் வரும் வெளிச்சம் சரியாக மாமாவின் கைகளில் விழும். இடக்கை பீப்பாயன், வலக்கை எதிரி. இரண்டு கையும் சண்டை பிடிக்கும். வெளியே என்ன விழுந்தது, எங்கே விழுந்தது என்பதைப் பெரியவர்கள் பிறகு கதைத்துக்கொள்வார்கள். நான் கேட்டது பீப்பாயன் துருவப்பனுக்குக் கொடுத்த அடியின் சத்தத்தைத்தான். அதை மாமா வாயால் செய்வார்.

விமானச் சத்தம் கேட்டால் முதலில் பங்கருக்குள் இருப்பது நான். மாமாவுக்கு எதிரே உள்ள இடம் பிடிக்க வேண்டும் அல்லவா. "என்ரை பிள்ளையள் சொல்லாமலே ஓடுதுகள்" என்று அம்மா பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னார். விமானம் வராத கிழமைகளில் நான் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பேன். அதையும் அம்மா எச்சரிக்கை என்றே எடுத்துக்கொண்டார்.

அப்படி அமைதியாகப் போன ஒரு மாதத்தில்தான் வாசிகசாலையின் விளையாட்டுப் போட்டி வந்தது. எங்கள் பக்கத்து விளையாட்டுப் போட்டிகளில் எது இல்லாவிட்டாலும் வினோத உடைப் போட்டி இருக்கும். சாத்திரி, மீன்காரி, பிச்சைக்காரர் எல்லாரும் வருடந்தோறும் வருவார்கள். அண்ணையையும் பிச்சைக்காரனாக விடலாம், புதிதாக ஒன்றும் தேவைப்படாது என்று அம்மா சொன்னார். அண்ணை பீப்பாயனாகத்தான் போவேன் என்று நின்றான்.

மாமாவுக்கு அதைவிட வேறு சந்தோசம் வேண்டியிருக்கவில்லை. வெறும் மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டை வெட்டி விரித்து, உருளையாக வளைத்து, ஆணி அடித்துப் பொருத்தினார். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஒரே குழாய். கைகளுக்கு இரண்டு ஓட்டை. ஓர் இயந்திரத்தைப் பரிசோதிப்பது போலவே அண்ணையைப் பரிசோதித்தார்.

"நட. ம்ம். கையைத் தூக்கு. சல்யூட் அடி. கழுத்து வெட்டுதோ?"

"இல்லை மாமா. ஆனால் குந்தி இருக்கேலாது."

"வீரன் ஏன் இருக்கிறான்? போட்டி முடிய இருக்கலாம்."

மினுக்கும் வேலை என்னுடையது. பழப்புளியும் சாம்பலும் கலந்து, பூசைக்கு விளக்கு மினுக்குவது போல, ஒரு மூலை விடாமல் தேய்த்தேன். ஒரு முழுப் பின்னேரம் போனது. முடிந்ததும் அம்மா அதன் முன்னால் நின்று தன்னுடைய பொட்டைச் சரிசெய்தார். அதைவிட எனக்கு வேறு பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெலிகொப்டரின் சத்தம் தூரத்தில் கேட்டாலே கொடியில் காயும் வெள்ளை வேட்டியை ஓடிப்போய் எடுக்கிற வீடு எங்களுடையது. மாட்டுக் கொட்டிலின் புதுத் தகரக் கூரை மின்னுகிறது என்று மாமாவே அதன்மேல் தென்னோலைக் கிடுகு போட்டு மறைத்திருந்தார். அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பெரிய மனிதர்களும் அண்ணையும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் நான் அந்தத் தகரத்தை மினுக்கினேன். பக்கத்து வீட்டு அன்ரியும் வந்து பார்த்துவிட்டு நல்ல மினுக்கம் என்றுதான் சொன்னார்.

போட்டி அன்று அம்மா முன்னதாகவே போய்விட்டார். நாங்கள் மூவரும் வாழைத் தோட்டத்துக்குள்ளால் குறுக்கே போனோம். இரண்டு தோட்டங்களுக்கு நடுவில் ஒரு வெங்காயத் தறை, மரமில்லாத வெளி. அண்ணை முன்னால் நடந்தான். நான் அலுமினியச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

அண்ணை வெங்காயத் தறையின் நடுவுக்குப் போயிருப்பான். ஹெலி வாழைகளுக்கு மேலே திடீரென்று வந்துவிட்டது. நான் அப்படியே வாழைக்கு அடியில் விழுந்து படுத்தேன். வெளியில் அகப்பட்டால் நிலத்தோடு படுக்க வேண்டும் என்பது எழுத்துப் படிக்க முன்னமே எங்களுக்குப் பழக்கப்பட்டது.

"படடா!" என்று மாமா கத்தினார்.

அண்ணை குனியப் பார்த்தான். முடியவில்லை. முழங்காலை மடிக்கப் பார்த்தான். தகரத்தின் விளிம்பு இடித்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வகுப்பில் ஆசிரியருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னான்.

"படுக்கேலாது மாமா."

உச்சி வெயிலில் அவன் நின்ற இடத்தில் ஒரு வெளிச்சம்தான் தெரிந்தது.

மாமா சைக்கிளை விட்டுவிட்டு வெளிக்குள் ஓடினார். எல்லாரும் வெளியை விட்டு ஓடும்போது ஒருவர் வெளிக்குள் ஓடுவதை நான் அன்றுதான் கண்டேன். அண்ணையை மோதி விழுத்தினார். விழுந்தவனை, பீப்பாய் உருட்டுவது போலவே, பாத்தி பாத்தியாக உருட்டிக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் தள்ளி, தானும் மேலே விழுந்தார். கை சேற்றை அள்ளி அள்ளித் தகரத்தில் பூசியது. ஹெலி ஒரு தடவை சுற்றியது. பிறகு வந்த பக்கமே போய்விட்டது. அது எங்களைக் கண்டதா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

சத்தம் ஓய்ந்து வெகுநேரம் ஆகியும் மாமா எழும்பவில்லை. நான் கிட்டப் போனேன். அண்ணை அழவில்லை, முழித்துக்கொண்டு கிடந்தான். மாமாவின் இடக்கை மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது. தகரம் நசுங்கி, ஒரு விரல் அகலம்கூட மினுக்கம் இல்லாமல் சேறாக இருந்தது.

"மாமா, மினுக்கினதெல்லாம் போச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை" என்றார். "போச்சு."

வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே படுத்துக் கிடந்த தோட்டக்காரர் ஒருவர் மெல்ல எழும்பி, மண்ணைத் தட்டிவிட்டு, தன் வெங்காயத்தின் நிலைமையைப் பார்த்தார்.

"தம்பி, உதென்ன, பீப்பாயே உருட்டினனீ?"

"ஓமண்ணை" என்றார் மாமா. "பீப்பாய்தான்."

போட்டி சற்றுப் பிந்தி நடந்தது. அந்த நாட்களில் பிந்தும், ஆனால் நடக்கும். அண்ணையும் போனான், போகவேண்டாம் என்று மாமா சொல்லவில்லை. உடுப்பு என்னவென்று அறிவிப்பாளர் கேட்டதற்கு அண்ணை "பீப்பாயன்" என்றான். அவருக்கு அது விளங்கவில்லை. மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடுத்ததாக வருவது, ஷெல் விழுந்த தண்ணீர்த் தாங்கி" என்று அறிவித்தார். சனம் கைதட்டியது. இரண்டாம் பரிசாகக் குளிக்கிற சவர்க்காரம் ஒன்று கிடைத்தது. சவர்க்காரத்துக்கு எங்கும் வழியில்லாத காலம். அம்மா அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்து மகிழ்ந்தார். வாய்க்கால் சங்கதி அவருக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அதற்கு முன்பே, வீடு திரும்பிய கையோடு, மாமா தகரம் வெட்டும் கத்தரியை எடுத்துக் கவசத்தை வெட்டத் தொடங்கியிருந்தார். ஒரு கையால் வெட்டுவது சிரமமாக இருந்தது. ஆனாலும் வெட்டினார். அப்போதுதான் அண்ணை அழுதான்.

"அடுத்த வருசத்துக்கு வைப்பம் மாமா. நெளிவை அடிச்சு எடுக்கலாம்."

"இடுப்பு இல்லாத சாமான்" என்றார் மாமா. கவசம் மண்ணெண்ணெய் வார்க்கும் புனலாகவும் இயந்திரத்துக்கு மேல்மூடியாகவும் மாறியது. ஒரு பின்னேர வேலையை இப்படி வீணாக்கினாரே என்று நான் அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை.

ஆனால் விமானம் வந்தபோது கோபத்தை மறந்து என் இடத்தில் முதலாவதாகப் போய் இருந்தேன். மாமா கதையைத் தொடங்கினார். காந்தக்காரன் சந்திக்கு வந்தான். சைக்கிள்கள் எல்லாம் அவனிடம் போயின. துருவப்பன் வந்து எங்கள் கிணற்றுக் கப்பியைத் தின்றான். பைகிளறி வந்து மேசையைப் போட்டான். எல்லாரையும் வலக்கையே காட்டியது. எதிர்க்க எவரும் இல்லை. வெளியே நிலம் ஒருமுறை அதிர்ந்தது. மண்மூட்டையிலிருந்து மண் கொட்டியது.

மாமாவின் இடக்கை எங்கே என்று தேடினேன். அது வெளிச்சத்துக்கு வெளியே, இருட்டில், அண்ணையின் கணுக்காலைச் சுற்றிப் பிடித்தபடி இருந்தது. அண்ணை காலை இழுத்துப் பார்த்தான். அது விடவில்லை. வீங்கின கை அல்லவா, சாய்த்து வைக்க ஏதாவது வேண்டும், அண்ணையின் கால் வசதியாக இருந்திருக்கும் என்று முடிவு செய்தேன். வீக்கம் வற்றிய பிறகு வந்த நாட்களிலும் அந்தக் கை அங்கேதான் கிடந்தது. அதை நான் யோசிக்கவில்லை. எனக்குக் கதை பிழையாகிப்போனதுதான் பெரிய விசயமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"எப்பவும் எதிரியள்தான் வருகினம். பீப்பாயன் எங்கை மாமா?"

"இஞ்சைதான் நிக்கிறான், பிள்ளை."

நான் திரும்பி வாசற்பக்கம் பார்த்தேன். படியில் வெயில் மட்டும் நின்றது. மாமாவுக்குக் கதை மறந்துபோய்விட்டது, அதுதான் சமாளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.