அந்த நூறு வருசம்

“யக்கா, அந்த நூறு வருசத்தைக் கொஞ்சம் கொறைச்சு எழுத முடியுமா?”

போன வாரம் திங்கட்கிழமை காலையில் போனில் வந்த கேள்வி இது. கேட்டவர் செல்லப்பாண்டி. கீழமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கயிற்றுக்கடை வைத்திருப்பவர். போன மாதம் இதே பக்கத்தில் அவருடைய கடையைப் பற்றி எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, தார்ப்பாய், லாரியில் லோடு கட்டும் வடம்... மாடியின் நெற்றியில் சுண்ணாம்பில் செய்த இரண்டு கிளிகள். ‘நூறு வருடப் பழமை மாறாத கட்டடத்தில்’ என்றுதான் அந்தக் கட்டுரையையே ஆரம்பித்திருந்தேன்.

அன்றைக்குச் செல்லப்பாண்டிக்கு அவ்வளவு சந்தோஷம். பேப்பரைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு எனக்குப் போட்டோ அனுப்பினார். இப்போது என்ன வந்தது?

“பில்டிங் ஓனரு மாநகராட்சியில மனு குடுத்துட்டாருக்கா. கட்டடம் மோசமா இருக்கு, எந்நேரமும் விழும், இடிக்க அனுமதி வேணும்னு. அதுக்கு ஆதாரமா நீங்க எழுதுனத ஜெராக்ஸ் எடுத்துச் சேத்திருக்காரு. உங்க போட்டோவும் இருக்கு. ஜெராக்ஸ்ல கருகருன்னு தெரியுறீங்க.”

இடித்துவிட்டால் கடை?

“எங்கக்கா போவேன்? இந்தச் சந்துல லாரி ஆபீஸ் இருக்கு, அதான் யாவாரம். நாலு தெரு தள்ளிப் போனா, லோடு கட்டுறவன் கயிறு வாங்க எனக்காக நடந்து வருவானா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஜினியர் பாக்க வாராராம். அதுக்குள்ள ஒரு அறுவதுன்னு எழுதிருங்களேன்.”

போனை வைத்த பிறகு அரிசியை இரண்டு தடவை கழுவினேன். மூன்றாவது தடவை கழுவப் போனபோது என் வீட்டுக்காரர் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். என்னுடைய பத்தியில் ‘பழசு’ என்றால் பெருமை. அதே ‘பழசு’ மனுவுக்குள் போனால் ஆபத்து. பழமையான கட்டடம் என்று நான் எழுதுகிறேன். பழுதான கட்டடம் என்று அங்கே வாசிக்கிறார்கள். நடுவில் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். அந்த இடைவெளியில் ஒரு ஆளுடைய கடை விழுந்துவிடும் போலிருக்கிறது.

சரி, அந்த நூறு எனக்கு எப்படிக் கிடைத்தது?

நான் எப்படித் தகவல் சேகரிக்கிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிளஸ் டூவோடு நின்றவள். ஆவணக் காப்பகம் பக்கமெல்லாம் போனதில்லை. ஒரு கடையின் முன்னால் போய் ‘உங்கள் கடையின் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று கேட்கக் கூச்சம். அதனால் முதலில் எதையாவது வாங்குவேன். சாமானைக் கட்டித் தரும் நேரத்தில் மெதுவாக வாயைத் திறப்பேன். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டில் கிணறு கிடையாது. கிணற்றுக் கயிறு இருக்கிறது.

அன்றைக்கும் கயிறு வாங்கிக்கொண்டே செல்லப்பாண்டியிடம் கேட்டேன். “அது இருக்கும்க்கா நூறு வருசம்” என்றார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே கேட்டேன். “அது கெடக்கு நூறு வருசமா” என்றார்கள். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், நான் கேட்காமலே, “நூறுக்குக் கொறையாதும்மா” என்றார். மூன்று பேர் சொன்னால் அது உண்மைதானே? எழுதிவிட்டேன்.

இப்போது சந்தேகம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். சோதித்துப் பார்க்க ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஏழாவது படிக்கும்போது என் கண் முன்னால் கட்டிய கட்டடம் அது. அதன் வாசலில் பூ விற்கும் அக்காவிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கினேன். “இது எம்புட்டு வருசத்துக் கட்டடம்க்கா?” என்று கேட்டேன்.

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இது இருக்கும் நூறு வருசம்.”

அந்தக் கணக்கில் எனக்கு நூற்றுப் பத்துக்கு மேல் ஆகிறது.

அப்புறம்தான் உறைத்தது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். “நூறு வருசமா நிக்கிறேன், ஒரு வண்டி வரல” என்கிறோம். எங்கள் தெருக் குழாயில் நூறு வருசமாகத் தண்ணீர் வருவதில்லை – குழாய் போட்டதே நேற்று மாதிரி இருக்கிறது. எங்கள் ஊரில் அது எண்ணே இல்லை. ‘எனக்கு முந்தி’ என்று அர்த்தம். மனிதர்களுக்குத்தான் வயது ஒவ்வொன்றாக ஏறுகிறது. கட்டடங்களுக்கு மூன்றே வயது. புதுசு, பழசு, நூறு வருசம். எண்பது வருடக் கட்டடம் என்று ஒன்றை மதுரையில் யாராவது எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

காலமெல்லாம் இந்தப் பேச்சைப் பேசி வளர்ந்தவள் நான். அதைப் போய் அப்படியே அச்சில் ஏற்றிவிட்டேன்.

புதன்கிழமையும் போனேன். என்ன தேடுகிறேன் என்றே தெரியாமல் அந்தச் சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கடைக்குள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். மேலே கிளிகளைப் பார்த்தேன். கிளிகளுக்கு வயது தெரியவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டு என்னையே கவனித்தார்.

“யாரைத் தேடுறீங்க? நானும் பாக்கேன், ரொம்ப நேரமா நடக்குறீங்க.”

வாய் வரவில்லை. “கொஞ்சம் தண்ணி...” என்றேன்.

அவர் பெயர் சகுந்தலா. சௌராஷ்டிரக் குடும்பம். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். உள்ளே பார்த்து அவர்கள் பாஷையில் கணவரிடம் என்னவோ சொன்னார். ‘கிறுக்கு ஒண்ணு வந்திருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் புரியாதது நல்லதாகப் போயிற்று. கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வெக்கை தாங்கவில்லை. சுவரில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தது. அதன் திண்டில் கேஸ் சிலிண்டர் புத்தகம், தைல பாட்டில், பிளாஸ்டிக் ரோஜா.

“அந்த ஜன்னலைத் தொறந்தா காத்து வருமேம்மா” என்றேன்.

“தொறந்தா செவுருதான் வரும்” என்றார்.

நான் விளங்காமல் பார்த்ததும், சாமான்களை நகர்த்திவிட்டுத் திறந்து காட்டினார். கம்பிகள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜாண் இடைவெளி. அப்புறம் பூசாத செங்கல் சுவர். கயிற்றுக்கடையின் பக்கச் சுவர்.

தண்ணீர் டம்ளரோடு எழுந்து நின்றுவிட்டேன். சுவரைப் பார்ப்பதற்கு யாராவது ஜன்னல் வைப்பார்களா? இந்த வீட்டைக் கட்டும்போது அந்தப் பக்கம் வெறும் இடமாக இருந்திருக்க வேண்டும். அதனால்தான் காற்றுக்கு ஜன்னல். கயிற்றுக்கடை பிறகு வந்திருக்கிறது. அப்படியானால் கடை இந்த வீட்டுக்குத் தம்பி!

“இந்த வீடு எப்பம்மா கட்டுனது?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். எதுவும் வாங்காமல் நான் கேட்ட முதல் கேள்வி.

“எங்க மாமனார் கட்டுனது. எங்க வீட்டுக்காரர் கைக்குழந்தையா இருக்கும்போது பால் காய்ச்சியிருக்காக” என்றார். கணவருடைய வயதையும் சொன்னார். அந்த வயதை நான் இங்கே எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது. நூறுக்கு அது ரொம்பக் கீழே என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விஷயத்தை எல்லாம் கொட்டினேன். கேட்கக் கேட்க சகுந்தலாம்மா முகம் மாறியது.

“அப்ப எங்க வீடுதான் இந்தச் சந்துல சீனியர்னு எழுதுவீங்க. கயித்துக்கடைக்காரரைக் காப்பாத்திட்டு இன்ஜினியரை எங்க வீட்டுப் பக்கம் திருப்பி விடுவீங்க. அப்படித்தான?”

“இல்லம்மா...”

“எழுதாதீங்க. தண்ணி கேட்டீங்க, குடுத்தேன். அம்புட்டுத்தான்.”

ஜன்னலைச் சாத்தி, பிளாஸ்டிக் ரோஜாவை அதே இடத்தில் வைத்தார்.

எப்படி இருக்கும் எனக்கு? பதில் கையில் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது. ஒரு கட்டடத்தின் வயதைக் குறைத்தால் பக்கத்துக் கட்டடத்தின் வயது ஏறுகிறது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி நனைத்தேன். “கட்டடத்துக்கு வயசு கேக்கப் போயி கட்டடமே போகப் போகுதாக்கும்” என்றார் என் வீட்டுக்காரர். ஆறுதல் சொல்வதில் அவரை மிஞ்ச முடியாது.

சனிக்கிழமை கட்டட ஓனர் வருகிறார் என்று செல்லப்பாண்டி போன் செய்தார். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் சம்சாரி அவர். அவருடைய அப்பா வாங்கிப்போட்ட கட்டடம். கடைக்குள் ஒரு நைலான் சுருள்மேல் உட்கார்ந்திருந்தார்.

“நீங்கதான எழுதுனீங்க?”

“ஆமாங்கய்யா.”

“நூறு வருசம்னு?”

“ஆமா...”

“நானா சொன்னேன்?”

“இல்லங்கய்யா.”

“பெறகு எம்மேல ஏன் வருத்தப்படுறீங்க? நீங்க எழுதுனதத்தான் நான் குடுத்தேன். இப்ப மாத்தி எழுதப்போறீங்கன்னு பாண்டி சொல்றான். அப்ப எதும்மா நெசம்? முன்ன எழுதுனதா, இனி எழுதப்போறதா?”

தொங்கிக்கொண்டிருந்த கயிறுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. “போன மழைக்கு மேல இருந்து கிளியோட றெக்கை ஒண்ணு விழுந்துச்சு. கீழ ஒரு ஆள் நின்னுருந்தா? கேஸு யார் மேல வரும்? பாண்டி மேலயா?”

“றெக்கை விழுந்ததுக்குக் கட்டடத்தையா இடிப்பாக?” என்றார் செல்லப்பாண்டி. “கிளியத்தான எறக்கணும்?”

“எங்கப்பா வாங்கும்போதே பழசுடா இது. நூறு வருசம்னு அவரே சொல்லுவாரு.”

“உங்கப்பா சொன்னா? அவருக்கு யாரு சொன்னா?”

சத்தம் ஏறியது. லாரி ஆபீஸ் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போது பக்கத்து வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. சகுந்தலாம்மா.

“அவரை இங்க கூட்டிட்டு வாங்க. ஜன்னலைப் பாக்கட்டும்.”

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். அவருடைய கணவர் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஓனர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலைத் திறந்தார்கள். கம்பிக்குள் கையை விட்டு, தன் கட்டடத்தைத் தானே தொட்டுப் பார்த்தார். விரல் மடக்கித் தட்டினார். நகத்தால் சாந்தைச் சுரண்டினார். பிறகு நகத்தையே பார்த்தார்.

“இந்தப் பக்கத்த நான் பாத்ததே இல்ல” என்றார். “செங்கல் நல்லாத்தான் இருக்கு.”

“நான்தான் சொன்னேன்ல” என்றார் செல்லப்பாண்டி.

“நீ என்னடா சொன்ன? ‘நூறாண்டுப் பாரம்பரியம்’னு கார்டு அடிச்சு லாரிக்காரனுக்கெல்லாம் குடுத்தவன்தான நீ?”

நான் செல்லப்பாண்டியைப் பார்த்தேன். அவர் பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஓனர் சொன்னார். “மனு குடுத்தாச்சு. வாபஸ் வாங்கினா நாளைக்கு எதுனாலும் எந்தலையிலதான் விடியும். இன்ஜினியர் வரட்டும். நிக்கும்னு அவரு சொன்னா நிக்கட்டும், கிளிய மட்டும் எறக்கிருவோம். விழும்னு சொன்னா, பாண்டி, நீ என்னையத் திட்டக் கூடாது.”

செல்லப்பாண்டி கடைக்குப் போய், யாரோ கேட்ட வடத்தை அளந்து வெட்ட ஆரம்பித்தார். ஒரே கயிற்றை இரண்டு தடவை அளந்தார்.

நான் கிளம்பும்போது சகுந்தலாம்மா கூப்பிட்டார். “எழுதுறதுன்னா எழுதிக்கோங்க. வயசு மட்டும் போடாதீங்க. வீட்டுக்கும் சரி... எனக்கும் சரி.”

வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எந்த வயதும் போடவில்லை.

இந்தப் பத்தி இன்று வியாழக்கிழமை உங்கள் கைக்கு வருகிறது. நாளைக் காலை இன்ஜினியர் வருகிறார். எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். அந்தக் கட்டடத்துக்கு நூறு வயது இல்லை. சரியான வயது எனக்குத் தெரியாது. அறுபது என்று எழுதச் சொன்னார்கள், அதுவும் எனக்குத் தெரியாது. இடது பக்கக் கிளி நிஜமாகவே ஆடுகிறது. பக்கச் சுவரில் ஒரு ஆள் நகத்தால் சுரண்டியபோது சாந்து உதிரவில்லை. உள்ளே ஒருவர் தினமும் காலையில் கடை திறக்கிறார்.

இன்ஜினியர் சார், நீங்கள் இதைப் படிப்பவர் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுவரைத் தட்டிப் பாருங்கள். நான் எழுதியதைப் பார்க்காதீர்கள்.

இதையும் சேர்த்துத்தான்.