முன்வாசலில் நான், பின்வாசலில் அப்பா

ஜெர்மனியில் நான் இருக்கும் எர்லாங்கனில் காலை எட்டு மணி ரயில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததுமே அப்பா கேட்டுவிட்டார், "கண்ணு, இன்னிக்கும் அரண்மனைதானா?" என்று. மூன்று வாரமாக நான் காட்டிய கோட்டை, கோபுரம் எதிலும் அவர் மனம் ஒட்டவில்லை. ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கிடங்கு ஒன்றுக்கு முப்பத்தைந்து வருடம் மேற்பார்வையாளராக இருந்தவர். சரக்கு ஏறி இறங்காத இடம் அவர் கணக்கில் ஒரு இடமே இல்லை. லைப்சிக்கில் வியாபாரிகள் கட்டிய பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை எடுத்தார்.

தூரம் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பத்தேகாலுக்கெல்லாம் லைப்சிக்கில் இறங்கிவிட்டோம். ரயில் நிலையம் ஒரு ஊர் அளவுக்குப் பெரியது. அங்கிருந்து சந்தைச் சதுக்கத்துக்குப் பதினைந்து நிமிட நடை. ஏப்ரல் மாதம், நல்ல வெயில். பாதி வழியிலேயே அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நீல ஸ்வெட்டரோடு கைவீசி நடந்தார்.

சதுக்கத்தை ஒட்டிய ஹைன் தெருவில் இருக்கிறது பார்தெல்ஸ் ஹோஃப். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது; வரிசையில் அதுவும் ஒரு வீடு, அவ்வளவுதான். வளைவு வாசலுக்குள் நுழைந்தால்தான் விஷயமே. இரண்டு பக்கமும் நான்கைந்து மாடி உயரத்துக்குச் சுவர்கள், நடுவில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு முற்றம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. ஆண்டுக்கு மூன்று தடவை இந்த ஊரில் பெருஞ்சந்தை கூடிய காலத்தில், கீழே வளைவுக்கூரை போட்ட கடைகள், நடு மாடிகளில் வெளியூர் வியாபாரிகள் தங்கும் அறைகள், உச்சியில் கிடங்கு. முற்றத்துச் சுவரில் துருத்தி நிற்கும் பலகணி கட்டடத்தைவிடப் பழையதாம். அதன் மேல் பொன்னிறப் பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. கீழே இப்போது உணவகம், மேசைகள், வெயில் காயும் ஜனங்கள்.

அப்பா பாம்பை ஒரு பார்வைதான் பார்த்தார். அண்ணாந்தபடியே நின்றவர் கூரை முகட்டில் நீட்டிக்கொண்டிருந்த கட்டைகளைக் காட்டினார். மூட்டை தூக்கும் கட்டைகள். கப்பி எங்கே தொங்கியிருக்கும், கயிறு எந்தப் பக்கம் வந்திருக்கும், கீழே எத்தனை ஆள் நின்றிருப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். மூன்று வாரத்தில் அவர் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பதினொன்று பத்துக்கு ஆபீசிலிருந்து போன். லீவு போட்டாலும் விடமாட்டார்கள். முற்றத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால், "பார்த்துட்டு வெளிய வாங்கப்பா, நான் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு நாங்கள் நுழைந்த வாசலுக்கு வந்து பேசினேன். முடிக்கக் கால் மணி ஆயிற்று. அப்பா வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். முற்றத்து ஜனங்களுக்கு நடுவில் அவரைக் காணோம்.

அவர் நம்பருக்கு அடித்தேன். என் கையில் இருந்த கோட்டுப் பைக்குள் மணி அடித்தது.

அவருக்கு அறுபத்தெட்டு வயது, ஜெர்மன் ஒரு சொல் தெரியாது, கையில் போன் இல்லை. ஓடிப்போய்த் தேட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எட்டு வயதில் நான் மாரியம்மன் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து கிடைத்த பிறகு அப்பா போட்டது. தொலைந்தால் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. நான் உள்ளே போகும் நேரம் பார்த்து அவர் இங்கே வந்து நின்றால்? ஐந்தாறு அடி உள்ளே வைப்பேன், பயந்து வாசலுக்கே திரும்பிவிடுவேன். இப்படியே ஒரு மணி நேரம். கடைசியில் போலீசைக் கூப்பிடலாமா என்று போனில் கணவரிடம் கேட்டு அழுதேவிட்டேன்.

"தங்கச்சி, தமிழோ?" என்று பின்னால் ஒரு குரல். சமையலறை ஏப்ரன் கட்டிய ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்த உணவகத்தில் வேலை, ஊர் இலங்கையில் பருத்தித்துறை என்று பிறகு தெரிந்தது. "நீல ஸ்வெட்டர் போட்ட ஐயா உங்கட அப்பாவோ? பின்வாசல்ல நிக்கிறார். நெத்தியில திருநீறு கண்டுதான் கதைச்சனான். உள்ள வாங்கோ எண்டால், மகள் வருவா, நான் அசைய மாட்டன் எண்டுட்டார். அதுதான் உங்களைப் பாக்க வந்தனான்."

முற்றத்தின் மறுகோடியில் இன்னொரு வளைவு, அதைத் தாண்டினால் வேறொரு சந்து. அங்கே சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார் அப்பா. என்னைப் பார்த்ததும், "ஏங்கண்ணு இத்தன நேரம்?" என்றார். நான் அழுதுகொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே சிரித்தேன்.

அவர் பக்கத்து நியாயம் வேறு. வண்டி திரும்ப முடியாத ஒடுக்கமான முற்றம். முன்வாசலில் பாரம் வரும், இறக்கிவிட்டுப் பின்வாசலில் வெறும் வண்டி போகும். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டதாம். அப்படிக் கட்டிய இடத்தில் வெளியே வா என்றால் எந்தப் பக்கம் வருவதாம்? வந்த வழியே திரும்புகிற வண்டிக்காரனை அவர் தன் கிடங்கில் ஒருநாளும் விட்டதில்லை. உணவகத்து அண்ணன் கேட்டுவிட்டு, "ஓம், ஐயா சொல்லுறதுதான் சரி. அந்தக் காலத்தில வண்டியள் அப்பிடித்தான் போனதாம்" என்று சொல்லி இரண்டு காபி கொண்டுவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாலை நாலு மணி வண்டியில் திரும்பும்போது, நான் சும்மா சீண்டினேன்: திருவிழாவில் மட்டும் என்னைத் தேடி வந்தீர்களே, இன்றைக்கு ஏன் வரவில்லை?

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "அன்னிக்கும் நான் தேடலை கண்ணு. நீ இல்லைன்னு தெரிஞ்சதும் காலே நகரலை, அப்படியே நின்னுட்டேன். உங்கம்மாதான் தேடிப் புடிச்சா. வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் அதைச் சட்டமா போட்டேன்."

முப்பது வருடமாக நான் கட்டிக் காத்த சட்டம் இது! ஈரோட்டில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள். ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் நின்னுட்டீங்க, சரி. நடந்து வந்து தேடுன அந்தப் புண்ணியவான் பேரையாச்சும் கேட்டீங்களா?" என்றாள்.

நாங்கள் கேட்டிருக்கவில்லை.