தண்டட்டி போட்ட படம்

மண்டபத்துக்குள் கை தட்டுவது வெளியே கேட்கும். கேட்டதும் நான் காரின் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணி வைப்பேன். ஐயா வெளியே வரும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஐயாவின் சொற்பொழிவுகளில் எனக்கு இருந்த பங்கு அவ்வளவுதான்.

ஐயா யாழ்ப்பாணத்தவர். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தார். ராஜாக்களைப் பற்றிப் புத்தகம் எழுதி முடித்துவிட்டு, எங்கள் ஆட்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார். கடல் தாண்டி, காட்டு வழியாய் நடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த ஆட்களைப் பற்றி. அதற்காக லீவு நாட்களில் கலஹாப் பக்கமும் ஹந்தானைப் பக்கமும் போவார். நான் ஓட்டின வாடகைக் காரில்தான் போவார். வயதானவர்களை உட்கார வைத்துக் கேட்பார். எந்த ஊர், எந்த வழி, வழியில் யார் செத்தார், அந்த உடம்பை என்ன செய்தீர்கள். செத்தவர்களைப் பற்றி அவ்வளவு கேட்கிறவர், என் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்காததைச் சொல்லிப் பழக்கமில்லை.

அப்பா நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோதே செத்துப் போய்விட்டார். அம்மா ஹந்தானையில் ஒரு லயத்தில், வரிசையாய்க் கட்டின ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் இருந்து, கொழுந்து பறித்தாள். அந்த லயத்துக்கும் ஒரு நாள் போனோம்.

கார் மேலே ஏறவில்லை. தண்ணீர் கொதித்து ஆவி வந்தது. ஐயா கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார். நான் கீழே ரோட்டில் எஞ்சின் ஆறும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

“தம்பி, உம்மட தாயைப் படம் பிடிச்சிருக்கிறன். நல்ல மனுசி” என்றார்.

எனக்கும் சந்தோஷம்தான். எப்படிப் பிடித்தார் என்று கேட்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் மற்ற டிரைவர்களிடம் சொன்னேன். எங்கம்மா படம் புத்தகத்தில் வரப்போகிறது என்று, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொன்னேன்.

அந்தப் படத்தை ஐயா கண்டியில் பெரிய மனிதர்களுக்கு முன்னால் காட்டிப் பேசினார். நல்ல பேச்சு என்று சொல்லிக்கொண்டார்கள். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. கதை சொன்ன ஆட்களுக்கே போய்ச் சொல்ல வேண்டும், அவர்களும் பார்க்க வேண்டும் என்றார். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஹந்தானைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் கம்பளிகளை மாட்டினோம். கண்ணாடித் தகட்டில் உள்ள படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குப் பெட்டியை நான்தான் காரிலிருந்து இறக்கினேன். வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துச் சுவரில் கட்டியிருந்தது. ஆள் நெருக்கம். பெரிய கங்காணியும் அவர் சம்சாரமும் முன்னால் கதிரையில் இருந்தார்கள். அம்மா ஓரத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். முன்னால் வாங்க என்றேன். தலையை ஆட்டினாள்.

கப்பல் படம் வந்தது. காட்டு ரோடு வந்தது. சனங்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு அம்மா வந்தாள்.

சுவர் முழுக்க அம்மா. இரண்டு காதிலும் தண்டட்டி, தோளைத் தொடுகிற மாதிரி. நெற்றியில் பெரிய பொட்டு. சேலையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கட சுமங்கலிகள் கடலுக்கு அங்கால இருந்து காதில போட்டுக்கொண்டு வந்த நகை இது” என்றார் ஐயா.

பின்னால் இருந்து ஒரு ஆள், “ஆத்தாளுக்கு மாப்பிள்ளை பாத்தாச்சா?” என்றான். சிரிப்பு எழும்பியது. பெரிய கங்காணியின் சம்சாரம் எழுந்து வெளியே போனாள். ஐயாவுக்கு விளங்கவில்லை. தெரிந்த முகத்தைக் கண்டு சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார். அவரும் சிரித்தார். மற்றப் படங்களை விட அந்தப் படத்தைக் கூட நேரம் விட்டு வைத்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா நின்ற பக்கம் திரும்பவில்லை. கடைசியில் திரும்பிப் பார்த்தபோது அவளைச் சுற்றி ஆள் இல்லை. நெருக்கிக்கொண்டு நின்றவர்கள் விலகி நின்றார்கள். அம்மா கூட்டம் முடியும்வரை போகவில்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. நகை பக்கத்துக் காம்பராக்காரியுடையது. அவள் மாமியார்வழி வந்தது. அதைக் காதில் போட்டபடி அவளைப் படம் பிடிக்க ஐயா கேட்டிருக்கிறார். அவள் மாசமாக இருந்தாள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்து மறுத்துவிட்டாள். “எனக்கென்ன ஆயுசு, குடு” என்று அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அம்மாவுக்கு வளர்த்த காது. அப்பா போனபோது கழற்றினது, ஓட்டை மட்டும் தொங்கிக்கொண்டு கிடந்தது. பொட்டு வைக்கச் சொல்லி ஐயா சொல்லவில்லை. வெளியே வந்தபோது பொட்டும் இருந்திருக்கிறது.

படம் கண்டிக்கோ கொழும்புக்கோ போகும், துரைமார் பார்ப்பார்கள், நம்ம ஆட்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று அம்மாவும் அவளும் நினைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் காம்பராக்காரி நகையை மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வருவதை நிறுத்தினாள். தண்ணீர் விழுகிற பீலியில் அம்மா குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். “கல்யாணப் பொண்ணு வருது, வழி விடுங்கடி” என்றாள் ஒருத்தி. அம்மா தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இதெல்லாம் எனக்கு வேறு ஆட்கள் சொன்னது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் டவுனில் இருந்தேன். அங்கேயும் தெரிந்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் புத்தகம் எப்போது வரும் என்று கேட்டார்கள். நான் காருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன்.

ஐயாவிடம் பேராதனைப் பாலத்துக்கிட்ட வைத்துச் சொன்னேன். காரை நிறுத்தச் சொன்னார்.

“நான் கேக்கேல்லை. பொட்டைப் பாத்தன், நம்பிப்போட்டன்” என்றார். பிறகு சொன்னார், “புத்தகம் அச்சுக்குப் போயிட்டுது. எண்டாலும் படத்தை அதில இருந்து எடுத்துவிடலாம். உம்மட தாயைக் கேட்டுச் சொல்லும்.”

எடுத்துவிட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. அந்த ஞாயிறே போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா படத்த எடுத்துர்றேன்றாரு” என்றேன்.

“ஏன் எடுக்கணும்?”

“ஊரே சிரிக்குதேம்மா.”

“சிரிச்சு முடிஞ்சிருச்சு. இனி எடுத்தா மட்டும் பீலியில எடம் குடுப்பாளுகளா?”

சுளகை இரண்டு தரம் தட்டினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எனக்கும் போட்டுப் பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. இருக்கட்டும்னு சொல்லு.”

ஐயா கட்டாயப்படுத்தினார் என்று அவள் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பெற்ற தாய்க்கு ஆசை இருந்ததை ஒரு மகன் எப்படிக் காதால் கேட்பது? தேத்தண்ணி ஊற்றினாள். குடிக்காமல் இறங்கி வந்தேன்.

ஐயாவிடம் சொன்னேன். “இருக்கட்டும்னாங்க” என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தலையைத் தூக்கிச் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். “ஓம், விளங்குது” என்றார். அவர் கேட்டது அம்மாவின் பேச்சை அல்ல, என் முகத்தை.

புத்தகம் வந்தது. அம்மாவுக்கென்று ஒன்று கொடுத்துவிட்டார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். படத்தைத் தேடினேன். இருந்தது. ஒரு காது, ஒரு தண்டட்டி, கொஞ்சம் தோள். முகத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கீழே நகையின் பெயர் மட்டும் போட்டிருந்தது. சுமங்கலி என்றும் இல்லை, யார் காது என்றும் இல்லை.

எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினது. நல்ல மனிதர், பக்குவமாய்ச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் புத்தகத்தைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அதை இப்போது நினைக்கவும் கூசுகிறது.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பக்கத்தைத் திறந்து காட்டினேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த தாளைத் திருப்பினாள். அதற்கு முந்தினதைத் திருப்பினாள்.

“மூஞ்சி எங்க?” என்றாள்.

இல்லை என்றேன்.

தொங்குகிற காதை விரலால் ஒரு தரம் தொட்டாள். பிறகு புத்தகத்தை மூடி என்னிடமே தந்தாள்.

“அன்னைக்கு அந்தத் துணியில முழுசா இருந்தேன்ல?”

“இருந்தீங்கம்மா.”

“நீ பாத்தியா?”

நான் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது அவளுக்குத் தெரியும். அவள் நின்ற இடத்திலிருந்து என்னை நன்றாகப் பார்த்திருக்கலாம்.