பாதி நெருப்பில் காணாமல் போனவர்கள்

'வீடியோவின் அகலம், அது இருக்கும் பெட்டியின் அகலத்தில் நூறு விழுக்காடு. உயரத்தை எண்ணால் சொல்லாதே, விகிதத்தால் சொல்.'

இணையத்தில் அகப்பக்கம் நடத்துகிறவர்களுக்கான விதி இது. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஆரம்பத்திலேயே இருக்கும். நானும் படித்திருக்கிறேன், அடிக்கோடும் போட்டிருக்கிறேன். நில அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை சுற்றறிக்கைகளுக்கு அடிக்கோடு போட்டே பழகிய கை.

ஆனால், விதிக்கு மேலே ஒருவர் இருப்பாரே? எங்கும் இருப்பார். எங்கள் கோயிலில் அவர் பெயர் தலைவர் சிங்காரம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓர் அகப்பக்கம் உண்டு. தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் அதிகம் இல்லை. ரவாங், கிள்ளான், ஷா ஆலாம் என்று பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள். திருவிழாத் தேதி, உபயக்காரர் பெயர், தீமிதி வீடியோ... எல்லாம் அகப்பக்கத்தில்தான். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. 'படிச்சவரு, சும்மாதானே இருக்காரு' என்று செயலவையில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

போன ஆடித் தீமிதி வீடியோவை ஏற்றிய அன்று தலைவர் போன் செய்தார்.

"கிராணி, என்னா இது, ஸ்டாம்பு மாதிரி இருக்கு? ஆத்தா வீடியோ லா! பெருசா போடுங்க."

நான் கிராணி இல்லை. அதிகாரியாக ஓய்வு பெற்றவன். ஆனால், தோட்டத்தில் பேனா பிடித்த எல்லோரும் கிராணிதான். விட்டுவிட்டேன்.

"தலைவரே, திரைக்குத் தக்கபடி அதுவே பெருசாகும், சின்னதாகும். அப்படித்தான் போடணும்..."

"அதெல்லாம் வேணாம். சின்னதா போட்டா கோயிலுக்கு என்னா மரியாத?"

எங்கள் ஊரில் மரியாதைக்கு ஓர் அளவு உண்டு. மாலை பெரியதாக இருக்க வேண்டும். பேனரில் முகம் பெரியதாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கி அடுத்த தோட்டத்துக்குக் கேட்க வேண்டும். வீடியோ மட்டும் விலக்கா? அகலத்தைப் புள்ளிக் கணக்கில், அதாவது பிக்சலில் எழுதி, பெரிதாக்கிப் போட்டேன். தலைவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் நிறைவாகத் தெரிந்தது. என் கம்ப்யூட்டரிலும்தான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இந்த மே மாதத்தில் ஒரு நாள் ரவாங்கிலிருந்து போன் வந்தது. பாக்கியம். எங்கள் சுப்பையாவின் மனைவி. சுப்பையா போன தீபாவளிக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு பாக்கியம் மகள் வீட்டோடு இருக்கிறார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அவர வெட்டுனது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"தீமிதி வீடியோண்ணே. இத்தன நாளு பாக்க தைரியம் இல்ல. நேத்துதான் மனச தேத்திக்கிட்டு பாத்தேன். எல்லாரும் இருக்காங்க. பூசாரி இருக்காரு, தலைவரு மாலையும் கழுத்துமா நிக்கிறாரு. அவர மட்டும் காணோம்."

சுப்பையாவுக்குத் தீமிதியில் ஒரே வேலை. பூக்குழியின் முடிவில் பால்குழி இருக்கும். நெருப்பைக் கடந்து ஓடி வருகிறவர்கள் அதில்தான் கால் வைப்பார்கள். வருகிற வேகத்தில் சிலர் தடுமாறுவார்கள், சிலர் அருள் தணியாமல் சாய்வார்கள். அங்கே நின்று ஒவ்வொருவரையும் கையால் தாங்கிப் பிடித்து, நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவார் சுப்பையா. அப்படி எத்தனையோ வருடம்.

கேமராவைக் கண்டாலே நழுவிவிடுகிற மனுஷன் அவர். கல்யாணப் போட்டோவை விட்டால் ஒழுங்காக ஒரு படம் கிடையாது. பால்குழியை விட்டு நகர முடியாத அந்த ஒரு நாளில்தான் வீடியோவில் மாட்டிக்கொண்டார்.

"அதுலதாண்ணே அவரு நடமாடுறாரு. வேற எதுலயும் இல்ல" என்றார் பாக்கியம்.

உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன். வீடியோவை ஓட்டினேன். இதோ, வலது ஓரத்தில் சுப்பையா, பளிச்சென்று!

"இருக்காரும்மா. நான் இப்ப பாத்துக்கிட்டுதான் பேசுறேன்."



"நீங்களுமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்குப் பின்னணி உண்டு. போன ஆண்டு பொதுக்கூட்டத்தில் சுப்பையாவும் தலைவரும் மோதிக்கொண்டார்கள். டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர்களுக்கான கூடாரத்தைப் பால்குழிப் பக்கம் போட வேண்டும் என்றார் தலைவர். "அங்க தீ மிதிக்கிறவங்க பொண்டாட்டி புள்ளைங்க நிப்பாங்க. ஒங்க டத்தோ எங்கயாச்சும் நிக்கட்டும்" என்றார் சுப்பையா. நாற்காலிகள் நகர்ந்தன. கூடாரம் கடைசியில் பூக்குழி தொடங்கும் பக்கம் போனது. அன்று நின்ற பேச்சுவார்த்தை திரும்பவே இல்லை.

அதனால் பாக்கியத்தின் கணக்கு சுலபமாகிவிட்டது: உயிரோடு இருந்தபோது பேச்சை நிறுத்தினார்கள். செத்த பிறகு முகத்தையும் வெட்டிவிட்டார்கள்.

இரண்டு நாளில் வாட்சாப்பில் எனக்கு ஒரு வரி வந்தது. 'இந்த ஆடிக்கு பால்குடம் எடுக்கறதா வேண்டியிருந்தேன். என் புருசன வெட்டுன கோயிலுக்கு இனிமே வரமாட்டேன்.'

விஷயத்தைச் செயலவைக்குக் கொண்டுபோனேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? மண்டபத்துப் பெரிய டிவியில் அகப்பக்கத்தைத் திறந்தோம். எல்லோரும் பார்த்தோம். சுப்பையா இருக்கிறார். வேட்டி, திருநீறு, நீட்டிய கை... குறைவில்லை. 'புகாரில் அடிப்படை இல்லை' என்று கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

தலைவர் மட்டும் கடைசியில் எழுந்தார்.

"சண்ட போட்டேன். ஆமா. இல்லேங்கல. அவன் பாடைக்கு மொத தோளு குடுத்தவன் நானு. நான் வெட்டுவனா? சொல்லுங்க, வெட்டுவனா?"

தலைவர் தேநீர் குடிக்காமல் போய்விட்டார். கோயில் கூட்டத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

இருக்கிறார் என்று ஒரு மண்டபமே சாட்சி சொல்கிறது. இல்லை என்று ஒரு பெண் அழுகிறார். இரண்டு தரப்பும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அப்படியானால்?

விடை பாசிர் பெனம்பாங் என்கிற மீனவர் கிராமத்தில் கிடைத்தது. இறால் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் எடை போடுவதற்குள் ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். பொழுது போகாமல் கைப்பேசியில் கோயில் பக்கத்தைத் திறந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை கைப்பேசியில் அதை நான் பார்த்ததே இல்லை. நமக்குத்தான் மேசை இருக்கிறதே!

வீடியோ ஓடியது. இடது பக்கம் கூடாரம், பூசாரி, பூக்குழியின் தொடக்கம். ஒருவர் இறங்குகிறார். இரண்டடி, மூன்றடி... திரை முடிந்துவிட்டது. அடுத்தவர் இறங்குகிறார். அவரும் நெருப்பின் நடுவில் மறைந்துபோகிறார். குழந்தையைத் தோளில் தூக்கியபடி ஓர் அம்மா. அவரையும் காணோம்.

எல்லோரும் நெருப்பில் இறங்குகிறார்கள். ஒருவரும் கரை சேரவில்லை.

"அங்கிள், அங்கிள்! ஊடாங்!" என்று கடைக்காரர் இறால் பையை நீட்டிக்கொண்டே நின்றார்.

நடந்தது இதுதான். நான் எழுதிய அகலம் கம்ப்யூட்டருக்குச் சரி. கைப்பேசித் திரை அதில் ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நீட்டியிருந்தால் விரலால் தள்ளியாவது பார்த்திருக்கலாம். ஆனால், எங்கள் அகப்பக்கத்தின் ஆயத்த வடிவமைப்பில் ஒரு கட்டளை இருக்கிறது: எது வெளியே நீட்டினாலும் மறைத்துவிடு. பக்கம் அழகாக இருக்க வேண்டுமாம்.

முழுத்திரைக்கு மாற்றும் பொத்தானாவது இருந்ததா? அது வீடியோவின் வலது கீழ் மூலையில் இருக்கும். வெட்டுப்பட்ட பாதியில் அதுவும் போய்விட்டது. போனைப் படுக்கவைத்தால் தெரியும்தான்... ஆனால், நாம் எல்லோரும் திரை சுழலாதபடி பூட்டியல்லவா வைத்திருக்கிறோம், படுத்துக்கொண்டே பார்ப்பதற்காக!

பாக்கியத்திடம் கம்ப்யூட்டர் இல்லை. அவர் பார்த்த கோயிலில் சுப்பையா இல்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் இறாலை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அகலத்தை நூறு விழுக்காடாக மாற்றினேன். படம் முழுதாகத் தெரிந்தது. ஆனால், உயரம் பழைய எண்ணிலேயே நின்றதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. உயரத்தைத் தானாக விட்டு, விகிதம் பதினாறுக்கு ஒன்பது என்று எழுதினேன். கைப்பேசியில் பார்த்தால்... பழைய வெட்டுப்பட்ட வீடியோவேதான்! எங்கே தப்பு? தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள அதிகம் இல்லை என்பதால் தப்பித்தேன். பிறகுதான் உறைத்தது: போன் பழைய பக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அதையே காட்டுகிறது. அந்த ஞாபகத்தை அழித்தேன்.

வந்தார். வலது ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு. சுப்பையா.

தலைவர் வீட்டுக்குப் போனேன். லோரிகளைக் கழுவுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்திலிருந்தே லோரித் தொழில். கைப்பேசியை நீட்டினேன்.

"என்னா இது, மறுபடியும் ஸ்டாம்பு?"

"தலைவரே, பேசாம பாருங்க."

வேகமாக ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினேன். போன வருடம் தலைவரும் வேண்டுதலுக்குத் தீ மிதித்தார். மாலையோடு இறங்குகிறார். பாதிவரை நன்றாகத்தான் வருகிறார். முக்கால்வாசியில் தள்ளாடுகிறார். பால்குழி விளிம்பில் கால் மடிகிறது. அந்த நேரம் சுப்பையா குழிக்குள்ளேயே இறங்கி, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்குகிறார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நிற்கிறார்கள். தலைவரின் தலை சுப்பையாவின் தோளில். சுப்பையா திருநீறு பூசுகிறார். முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு அடுத்தவரைப் பிடிக்கத் திரும்பிவிடுகிறார்.

தலைவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். மறுபடி ஓட்டச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

"புடிச்சான் லா" என்றார். "பேச்சுவார்த்த இல்ல. ஆனா புடிச்சான்."

தண்ணீர்க் குழாய் திறந்தபடியே கிடந்தது.

"இத நான் பாக்கவே இல்ல கிராணி. அன்னைக்கு அருள்ல யாரு புடிச்சான்னே தெரியல. வீட்டுல பெருசா இருக்கான்னு பாத்தேன், டிவியில போட்டப்ப அவன் இருக்கானான்னு மட்டுந்தான் பாத்தோம்."

பாக்கியத்தின் போன்வரை இந்தக் காட்சி எப்படிப் போயிருக்கும்? மாலை போட்ட தலைவர் கம்பீரமாக நெருப்பில் இறங்குகிறார். தாங்கிப் பிடித்தவர் இல்லை. அந்த அம்மா வேறு என்னதான் நினைப்பார்?

விளக்கக் கடிதம் எழுதத் தயாராகவே வந்திருந்தேன். புள்ளி, விகிதம், மறைக்கும் கட்டளை... எல்லாம் வரிசையாக. தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க எழுதுனா அந்தப் புள்ளைக்கு வெளங்காது. நம்பர குடுங்க. நான் பேசுறேன்."

அங்கேயே, லோரிக்குப் பக்கத்தில் நின்றபடி குரல் பதிவு செய்தார். முதல் தடவை பாதியிலேயே நிறுத்தி அழித்துவிட்டார். இரண்டாவது தடவை இப்படி:

"பாக்கியம், சிங்காரம் பேசுறேம்மா. யாரும் வெட்டல. போனுக்குப் பத்தாம போச்சு, பெருசா போடச் சொன்னது நான்தான். இப்ப சரியா இருக்கு, பாரு. நான் உளுந்தப்ப ஒன் வீட்டுக்காரந்தான் புடிச்சான். நான் அவனுக்கு ஒரு நன்றி சொல்லலம்மா. அது மனசுல கெடக்கு."

லிங்க்கை நான் அனுப்பினேன். பழைய ஞாபகம் குறுக்கே வராதபடி புதிய முகவரியாகவே கொடுத்தேன். இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு தலைவர் தினமும் போன் செய்தார். "கிராணி, அந்தப் புள்ள எதாச்சும் சொல்லுச்சா?" காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஆடிக்குக் கூடாரம் எங்கே போடுவது என்றுகூடக் கேட்கவில்லை.

என் உத்தியோக காலத்தில் எத்தனையோ புகார்களுக்கு 'விசாரித்தோம், அடிப்படை இல்லை' என்று பதில் போட்டிருப்போம். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய பதில்கள். புகார் கொடுத்தவர் கையில் என்ன தெரிகிறது என்று வாங்கிப் பார்க்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கையும் வந்ததில்லை. வந்திருந்தால் அடிக்கோடு போட்டிருப்பேன்.

கடைசியில் தலைவர் எனக்கு ஒரு குரல் பதிவை அனுப்பினார். பாக்கியம் அவருக்கு அனுப்பியது. திறந்தேன். பின்னணியில் உறுமி மேளம். வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது.

"பாத்தேண்ணே. நேத்துலேருந்து பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அந்த வேட்டிய பாருங்களேன், எவ்ளோ மேல தூக்கி கட்டியிருக்காரு! எத்தன தடவ சொல்லிருப்பேன், கேட்டாத்தானே..." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம். "ஆடிக்கு வரேண்ணே. பால்குடம் எடுத்துட்டு அவரு நின்ன எடத்துல கொஞ்ச நேரம் நின்னுக்கிறேன். சரியா?"

அது வந்தது ஜூன் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, ஹாஜிப் பெருநாளாகிய பக்ரீத்துக்கு முதல் நாள். ஆடி பிறக்க இன்னும் ஏறக்குறைய ஆறு வாரம் இருந்தது.