பதினோராம் பக்கத்துக் கிழங்கு

பென்னலூர் நிறுத்தத்தில் பஸ் ஏறி உட்காரக்கூட இல்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "மாஸ்டர், மண்ணூர் வைத்தியரம்மா காலைல தவறிட்டாங்களாம்" என்றார். டிக்கெட்டை வாங்காமலே கீழே இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் குடையை அதில் விட்டுவிட்டது தெரிந்தது.

லூர்துமேரி அம்மாவை உங்களில் பலர் மருந்துக்காக அறிவீர்கள். எனக்கு அவர் சண்டைத் தோழி. ஆயுர்வேதம் முறையாகப் படித்துவிட்டு மண்ணூரில் வந்து குடியேறியபோது அவருக்கும் முப்பது வயது, எனக்கும் முப்பது. நான் ஸ்ரீபெரும்புதூர் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். வறட்டு இருமல் என்று முதன்முதலாகப் போனேன். பசி எப்படி, தூக்கம் எப்படி, விடியற்காலையில் பாதம் சில்லிடுகிறதா, எந்தச் சுவை மேல் ஆசை என்று கேட்டுக்கொண்டே போனார். பொறுமை என்பது என் பரம்பரையிலேயே கிடையாது. இருமலுக்கு மருந்து கேட்டால் ஜாதகம் கேட்கிறீர்களே என்றேன்.

"இருமல் எனக்குத் தெரியும் மாஸ்டர். உங்களத்தான் தெரியல" என்றார்.

எனக்கு ஆடாதொடைக் கஷாயம் கிடைத்தது. அப்படியொரு கசப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் இருமல்தான், ஆனால் அவருக்குத் திப்பிலிப் பொடியும் தேனும். இது என்ன ஓரவஞ்சனை என்று விடாமல் கேட்டேன். அவருடையது சளி கட்டிய இருமல், அதைச் சூடு கொடுத்து இளக்க வேண்டும். உங்களுடையது உடம்புச் சூட்டில் வந்தது, அதற்கு மேலும் சூடு கொடுத்தால் நெஞ்சு எரியும் என்று விளக்கினார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் எனக்கு. ஞாயிறு பூசை முடிந்து அவர் மூலிகை பார்க்கக் கிளம்பினால் நானும் சைக்கிளில் பின்னாலேயே போய்விடுவேன்.

ஒரு செடியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு இலையைக் கசக்கி மோந்து பார்க்க வேண்டும், நாக்கில் வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி என்பது அவர் விதி. அறுபதுகளின் நடுவில், புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கென்று ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்றார். அவர் எழுதினார், படம் நான். பச்சை அட்டை. முதல் பக்கத்தில், 'எதைப் பறித்தாலும் தின்பதற்கு முன் தெரிந்தவரிடம் காட்டவும்' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். இப்படிப் போட்டால் புத்தகம் எதற்கு என்று எகிறினேன். அவர் அசையவில்லை.

பதினோராம் பக்கம் தண்ணீர்விட்டான் கிழங்கு. பாலில் வேகவைத்துக் கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு வேலியில் அந்தக் கொடியைப் பார்த்து, ஊசி ஊசியான இலைகளை வரைந்துகொண்டேன். வேருக்காகத் தோண்டினேன். சித்திரை வெயில், கையெல்லாம் முள். முதலில் அகப்பட்ட கிழங்கை வரைந்துகொண்டு எழுந்துவிட்டேன். வேரைப் பார்த்து வரைந்தீர்களா, கேட்டு வரைந்தீர்களா என்று அவர் கேட்டார். பார்த்துத்தான் என்று ரோஷமாகச் சொன்னேன். அது பொய்யில்லை. அந்த வார்த்தையை நம்பி, மீண்டும் தோண்டிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தை இலவசமாகக் கொடுத்து முடித்துச் சில வாரம் இருக்கும். நான் அவர் வீட்டில் இருந்தபோது, இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். கையில் புத்தகம், முந்தானையில் ஒரு கிழங்கு. "தோண்ட தோண்ட வெரலு வெரலா கொத்தா வந்துச்சும்மா. படத்துல அப்டி இல்லியேன்னு அதெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன். அப்பால பக்கத்துல தேடி இத எடுத்துகினு வந்தேன். சரியா கீதா பாருங்க" என்றாள்.

அது கலப்பைக் கிழங்கு. செங்காந்தள் பூ பூக்குமே, அதன் கிழங்கு. மழைக்காலத்தில் அதே வேலியில் அதுவும் பின்னிக் கிடக்கும். கோடையில் கொடி காய்ந்து மண்ணுக்குள் கிழங்கு மட்டும் மிஞ்சும். நான் வரைந்திருந்தது அதைத்தான். தின்றால் ஆளைக் கொல்லும். அவள் சரியானதை எறிந்துவிட்டு, என் படத்தை நம்பி விஷத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். லூர்தம்மா கிழங்கை வாங்கி வைத்துக்கொண்டு, அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். குழந்தையை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

அன்று மத்தியானமே கிளம்பினோம். புத்தகம் யார் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். வீடு வீடாகப் போய், புத்தகத்தில் தப்பு வந்துவிட்டது, அந்தப் பக்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். மூன்றாவது வீட்டில் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு என்னுடையது, அம்மாவுடையது இல்லை என்று ஆரம்பித்தேன். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"யார் தப்புன்னு பேசிக்கினு நின்னா, அடுத்த வூட்ல அடுப்பு பத்த வச்சிருவாங்க. சைக்கிள எடுங்க."

பல நாள் அலைந்தோம். எல்லாம் கிடைத்தன, ஒன்றைத் தவிர. அதை நான்தான் வல்லக்கோட்டைக் கோயில் வாசலில், பஸ்ஸுக்கு நின்ற ஒரு நிறைமாதப் பெண்ணிடம், ஆசையாகக் கேட்கிறாளே என்று கொடுத்திருந்தேன். பேர் கேட்கவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. கோயிலில் ஆறு கிருத்திகைக்குக் காத்திருந்தும் அவள் வரவில்லை.

அதன்பிறகு இருபது வருஷம், பிள்ளை பெற்றவள் யார் வந்தாலும் லூர்தம்மா முதலில் கேட்டது ஒன்றுதான்: பச்சை அட்டைப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா? எனக்கு அவமானமாக இருக்கும். ஒருநாள், போதும் விடுங்கள் அம்மா என்று கெஞ்சினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அவ நல்லாத்தான் இருப்பா மாஸ்டர். ஆனா புஸ்தகம் கை மாறுமே" என்றார். போன மாதம் படுக்கையில் இருந்தபோதுகூட, பார்க்க வந்த பெண்ணிடம் அதைத்தான் கேட்டாராம்.

அவர் வைத்துவிட்டுப் போனவற்றில் எனக்கு வேண்டியது அந்தக் கேள்விதான். இனி அதை நான் கேட்பேன். முதலில் உங்களிடம். உங்கள் வீட்டுப் பரணில், மாமியார் பெட்டியில் அந்தப் பச்சை அட்டை அகப்பட்டால் பதினோராம் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். போட்டுவிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். மண்ணூர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.